மென்மையான சோப்பும் ஷாம்பும் எவை? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு லேபிள் படிக்க ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலைக்காகப் பெங்களூருக்கு வருகிறவர்கள் முதல் சில மாதங்களில் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. குளித்து முடித்ததும் தோல் இழுக்கிறது, கால்களில் வெள்ளை படிகிறது, முடி சொரசொரப்பாகிவிட்டது, மொத்தத்தில் "தண்ணி ஒத்துக்கல" என்கிறார்கள். உடனே கடைக்குப் போய், முன்பக்கத்தில் "மைல்ட்", "ஜென்டில்", "சல்ஃபேட் இல்லாதது" என்று எழுதிய பாட்டில்களை விலை பார்க்காமல் வாங்கி வருகிறார்கள். அவற்றில் சில பழையதைவிடக் கடுமையாகவும் அமைந்துவிடுகின்றன. ஒரு பொருள் மென்மையானதா என்பதைப் பாட்டிலின் முன்பக்கம் சொல்லாது. பின்பக்கத்தில் உள்ள முதல் ஐந்தாறு பெயர்களும், அந்தப் பொருள் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச். அளவும், உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரும் சேர்ந்துதான் அதைச் சொல்லும். இந்த மூன்றையும் எப்படிப் பார்ப்பது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை இங்குள்ள காற்று, சென்னைக் காற்றோடு ஒப்பிட்டால் மிகவும் வறண்டது. ஆகவே தோல் இழுப்பதில் ஒரு பங்கு காற்றையே சாரும். காலைக் குளிருக்காகக் கீசரில் நன்றாகச் சூடேற்றிய நீரில் குளிப்பதும் தோலின் எண்ணெய்ப்பசையைக் கரைத்துவிடும். வெதுவெதுப்பான நீருக்கு மாறுவது செலவில்லாத முதல் மாற்றம்.

அடுத்தது நீரின் கடினத்தன்மை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர் பொதுவாக ஆழ்துளைக் கிணற்று நீரைவிட மென்மையானது. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபுர் சாலை போன்ற வெளிப்பகுதிகளில் பல குடியிருப்புகள் நெடுங்காலமாக ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையுமே நம்பியிருந்தன. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம், நகரோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்காகத் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் தெருவில் குழாய் இருப்பதும் உங்கள் கட்டடத்தின் மேல்நிலைத் தொட்டியில் காவிரி நீர் நிரம்புவதும் ஒன்றல்ல. எந்த நீர் எந்த நாளில் ஏற்றப்படுகிறது என்பதைக் கட்டடப் பொறுப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளே கடினத்தன்மைக்குக் காரணம். குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை இந்தியத் தர அமைப்பின் விதி ஏற்கத்தக்கதாகக் கொள்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. கையடக்க டி.டி.எஸ். கருவி நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டுமே தவிர, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. வீட்டிலேயே ஓரளவு அறிந்துகொள்ள, ஒரே அளவுள்ள இரண்டு தெளிந்த பாட்டில்களில் ஒன்றில் குழாய் நீரும் மற்றொன்றில் ஆர்.ஓ. நீரும் பாதியளவு ஊற்றி, இரண்டிலும் சாதாரண சோப்பின் சீவலைச் சம அளவில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஆர்.ஓ. நீர் நன்றாக நுரைத்து, குழாய் நீர் நுரைக்காமல் வெண்மையாகக் கலங்கித் திரிதிரியாக நின்றால், அது கடின நீர்.

அந்தத் திரிதான் வாளியின் ஓரத்திலும் குழாயிலும் வெள்ளைப் படலமாக ஒட்டுகிறது. தோலிலும் முடியிலும் அதுவே படிகிறது. சோப்பு என்பது எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. அது கால்சியத்தைச் சந்தித்ததும் நீரில் கரையாத பொருளாக மாறிவிடுகிறது. செயற்கையாகத் தயாரிக்கப்படும் பெரும்பாலான அழுக்கு நீக்கிகள் இப்படித் திரிவதில்லை. ஆகவே கடின நீர் உள்ள வீட்டில் எந்த விலையுயர்ந்த பொருளை வாங்குவதற்கும் முன்னால், முகத்துக்கும் தலைக்கும் சோப்புக்கட்டி போடுவதை நிறுத்துங்கள்.

பின்பக்கத்தை எங்கிருந்து படிப்பது

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுதப்பட வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். இந்த ஒரு விதியைத் தெரிந்துவைத்திருந்தாலே விளம்பரத்தில் பாதி உதிர்ந்துவிடும்.

பட்டியலில் முதலில் அக்வா அல்லது வாட்டர் என்று இருக்கும். அடுத்து வரும் நான்கைந்து பெயர்கள்தாம் உண்மையில் அந்தப் பொருள். பிறகு பினாக்ஸிஎத்தனால், சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்திகளையோ பர்ஃப்யூம் என்ற சொல்லையோ தேடுங்கள். இவை பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ சேர்க்கப்படுவதால், இவற்றுக்குப் பின்னால் வரும் கற்றாழை, தேன், குங்குமப்பூ, பாதாம் எண்ணெய் எல்லாமே பெயருக்குச் சில துளிகள் என்று எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்டிருக்கும் பொருள் பின்பக்கத்தில் கடைசி வரியில் இருந்தால், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

சிறிய பொட்டலங்களில் முழுப் பட்டியலும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாஷே வாங்கிப் பார்க்க நினைப்பவர்கள் அதே பொருளின் பெரிய பாட்டிலைக் கடையில் எடுத்துப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

அழுக்கு நீக்கிகள்: பட்டியலின் உயிர் இங்கே இருக்கிறது

துறையினர் சர்ஃபாக்டன்ட் என்று அழைக்கும் அழுக்கு நீக்கியின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் ஒரு முனையும் எண்ணெயை விரும்பும் ஒரு முனையும் உண்டு. நீரில் இவை கூட்டமாகச் சேர்ந்து எண்ணெயையும் அழுக்கையும் நடுவில் பொதிந்து கொண்டுபோகின்றன. இந்தக் கூட்டத்தில் சேராமல் தனியாக அலையும் மூலக்கூறுகள் தோலின் மேலடுக்குக்குள் புகுந்து அங்குள்ள புரதத்தோடு ஒட்டி அதை உப்பவைக்கின்றன. அங்கிருக்க வேண்டிய கொழுப்பையும் எடுத்துவிடுகின்றன. கழுவிய பின் வரும் இழுப்பும் எரிச்சலும் இப்படித்தான் தோன்றுகின்றன.

கடுமையானவற்றில் முதலில் அறிய வேண்டியது சோடியம் லாரில் சல்ஃபேட். தோல் மருத்துவ ஆய்வுகளில், சோதனைக்காக வேண்டுமென்றே தோலில் எரிச்சலை உண்டாக்கப் பயன்படுத்தும் வழக்கமான பொருள் இதுவே. அமோனியம் லாரில் சல்ஃபேட்டும் இதற்கு நெருங்கிய உறவு. ஷாம்புகளில் மிகப் பரவலாகக் காணப்படும் சோடியம் லாரெத் சல்ஃபேட் வேறு. பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தாலும், எத்திலீன் ஆக்சைடு அலகுகள் சேர்ந்து மூலக்கூறு பெரிதாக்கப்பட்டிருப்பதால் இது லாரிலைவிடத் தெளிவாக மென்மையானது. இரண்டையும் ஒன்றாக்கிச் "சல்ஃபேட் விஷம்" என்று பரப்பப்படும் செய்திகளை நம்பிப் பயப்பட வேண்டாம்.

அந்தப் பயத்தை வைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சல்ஃபேட் இல்லாதது" என்று எழுதிய சில பாட்டில்களைத் திருப்பினால் இரண்டாவது பெயர் சோடியம் சி14-16 ஒலிஃபின் சல்ஃபோனேட் என்றிருக்கும். இது சல்ஃபேட் அல்ல என்பது உண்மை. ஆனால் எண்ணெயை வலுவாக எடுக்கும் ஆற்றலுடையது. தனியாக அதிக அளவில் இருந்தால் வறண்ட தோலுக்கு ஒத்துவராது. இன்னொரு பக்கம், இயற்கைப் பொருள் என்ற அடையாளத்தோடு விற்கப்படும் சில கட்டி ஷாம்புகளில் சோடியம் கோகோ சல்ஃபேட் இருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து தயாரிக்கப்படும் இதில் கணிசமான பகுதி சோடியம் லாரில் சல்ஃபேட்டேதான். தேங்காயிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பொருள் மென்மையாகிவிடாது.

மென்மையானவை எவை? பட்டியலின் தொடக்கத்தில் பின்வரும் பெயர்கள் இருந்தால் நம்பிக்கையோடு பார்க்கலாம். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் கட்டிகளிலும் கிரீம் போன்ற ஃபேஸ்வாஷ்களிலும் வரும். தோலுக்கு மிக இணக்கமானது. சோடியம் கோகோயில் கிளைசினேட், சோடியம் லாராயில் சார்கோசினேட் ஆகியவை அமினோ அமிலங்களிலிருந்து வருபவை. டெசில் குளுக்கோசைட், கோகோ குளுக்கோசைட் ஆகியவை சர்க்கரையையும் கொழுப்பு ஆல்கஹாலையும் இணைத்துச் செய்யப்படுபவை. டைசோடியம் லாரெத் சல்ஃபோசக்சினேட் குழந்தைகளுக்கான பொருள்களில் அடிக்கடி தென்படும். கோகாமிடோப்ரோபைல் பீட்டெய்ன் ஏறக்குறைய எல்லா ஷாம்புகளிலும் துணையாக வரும்.

இந்தத் துணை என்பதில்தான் லேபிள் படிப்பவர்கள் அதிகம் தவறவிடும் செய்தி இருக்கிறது. சோடியம் லாரெத் சல்ஃபேட்டோடு பீட்டெய்ன் சேரும்போது இரண்டும் கலந்த கூட்டங்கள் உருவாகி, தனியாக அலையும் மூலக்கூறுகள் குறைகின்றன, எரிச்சலும் குறைகிறது. ஆகவே ஒரே ஒரு பெயரைப் பார்த்து ஒரு பொருளைத் தள்ளுவதும் கொள்ளுவதும் சரியாகாது. லாரெத் சல்ஃபேட்டுக்கு அடுத்த இடங்களில் பீட்டெய்னும் கிளிசரினும் உள்ள ஒரு சாதாரண விலை ஷாம்பு, ஒலிஃபின் சல்ஃபோனேட்டை மட்டும் நம்பியிருக்கும் விலையுயர்ந்த ஷாம்பைவிடப் பலருக்கு நன்றாக ஒத்துவரும் என்பது என் கருத்து.

மென்மையானது என்றால் ஒவ்வாமை தராதது என்று பொருளில்லை. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் கவனத்துக்குரிய ஒவ்வாமைப் பொருளை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2004-இல் கோகாமிடோப்ரோபைல் பீட்டெய்னையும், 2017-இல் குளுக்கோசைட் வகையையும் அப்படி அறிவித்தது. பெரும்பாலோருக்கு இவை எந்தத் தொல்லையும் தருவதில்லை. ஆனால் "மைல்ட்" வகைகளை மாற்றி மாற்றி வாங்கியும் இமையிலும் கழுத்திலும் அரிப்பு நிற்காவிட்டால், எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் பெயர் எது என்று பாருங்கள்.

கட்டியாக வாங்குகிறவர்களுக்கு

சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்ற ஓர் எண் இருக்கும். அது மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம். குளியல் சோப்பில் 76-க்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம், 70-க்குக் குறையாமல் இருந்தால் இரண்டாம் தரம், 60-க்குக் குறையாமல் இருந்தால் மூன்றாம் தரம். "பேத்திங் பார்" என்று எழுதியிருப்பது வேறு வகை. அதில் இந்த அளவு இன்னும் குறைவாக இருக்கலாம். எண் கூடக்கூடக் கட்டி எளிதில் கரைந்து வீணாகாது, நிரப்புப் பொருளும் குறைவாக இருக்கும். வாங்கும் பணத்துக்கு மதிப்பு எவ்வளவு என்பதை இந்த எண் நன்றாகச் சொல்லும். தோலுக்கு மென்மையா என்பதைச் சொல்லாது.

ஏனென்றால் எந்தத் தரமாக இருந்தாலும் உண்மையான சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ 4.5 முதல் 5.5 வரையிலான இலேசான அமிலத் தன்மை கொண்டது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய அரசுத் தொழிலின் வழிவந்த மைசூர் சாண்டல் சோப்பு இந்த ஊருக்கு வருகிற உறவினர்கள் எல்லோரும் விரும்பி வாங்கிப்போகும் பொருள். அதன் மணத்தின் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் எந்த நல்ல சோப்பும் சோப்புதான். எண்ணெய்ப்பசையுள்ள, ஆரோக்கியமான தோல் அதைத் தாங்கிச் சிறிது நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். வறண்ட தோலும் கரப்பான் எனப்படும் எக்ஸிமா உள்ள தோலும் அப்படித் திரும்பத் தடுமாறும்.

சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோவேட், சோடியம் டாலோவேட் என்ற பெயர்களில் பட்டியல் தொடங்கினால் அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் முதலில் வந்தால் அது சின்டெட் எனப்படும் செயற்கை அழுக்கு நீக்கிக் கட்டி, அதன் பி.எச். தோலுக்கு ஏற்ற அளவில் வைக்கப்பட்டிருக்கும், கடின நீரிலும் திரியாது. இரண்டும் கலந்த கட்டிகளும் உண்டு என்பதால் எது முதலில் வருகிறது என்பதைப் பாருங்கள். பி.எச். தாள் வாங்கிவைத்திருந்தால், சிறிது ஆர்.ஓ. நீரில் நுரையாக்கித் தொட்டுப் பார்ப்பது இன்னும் உறுதியானது.

மற்ற பெயர்கள்

கிளிசரின் முதல் சில இடங்களுக்குள் இருந்தால் நல்லது. அது ஈரத்தை ஈர்த்துவைக்கும். சிட்ரிக் ஆசிட் பி.எச்.சைக் குறைக்கச் சேர்க்கப்படுவது. சோடியம் குளோரைடைப் பார்த்து "உப்பு போட்டிருக்கிறார்கள்" என்று அஞ்ச வேண்டாம். ஷாம்பைக் கெட்டியாக்கவே சிறிதளவு சேர்க்கிறார்கள். கிளைகால் டைஸ்டியரேட் முத்துப்போன்ற பளபளப்பைத் தருகிறது. பாலிகுவாட்டர்னியம்-10, குவார் ஹைட்ராக்சிப்ரோபைல்டிரைமோனியம் குளோரைடு, டைமெத்திகோன் ஆகியவை முடியின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிச் சிக்கலைக் குறைக்கின்றன.

கடின நீர் உள்ளவர்கள் தேடிப்பிடிக்க வேண்டிய பெயர் டைசோடியம் இ.டி.டி.ஏ. அல்லது டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ. இவை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு, அழுக்கு நீக்கி தன் வேலையைச் செய்ய விடுகின்றன. சாதாரண ஷாம்பில் அளவு சிறியதுதான். படிவு அதிகமாகத் தெரிந்தால், "கிளாரிஃபையிங்" என்றோ "ஹார்டு வாட்டர்" என்றோ எழுதிய வகையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, மாதம் ஓரிரு முறை மட்டும் பயன்படுத்தலாம்.

பதப்படுத்தி இல்லாத நீர்ப்பொருள் குளியலறையில் கெட்டுப்போகும். ஆகவே பதப்படுத்தி என்பதே குறையல்ல. பினாக்ஸிஎத்தனால், சோடியம் பென்சோயேட், பாரபென்கள் ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துவருகின்றன. பாரபென்களைப் பற்றிப் பரவலான அச்சம் இருந்தாலும், தோல் ஒவ்வாமையைப் பொறுத்தவரை அவை மிகக் குறைவாகவே தொல்லை தருபவை. எளிதில் ஒவ்வாமை வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை மெத்தில்ஐசோதயசோலினோன், மெத்தில்குளோரோஐசோதயசோலினோன் என்ற இரண்டும், ஃபார்மால்டிஹைடைச் சிறிது சிறிதாக வெளியிடும் டி.எம்.டி.எம். ஹைடன்டாய்னும். பர்ஃப்யூம் என்ற ஒரே சொல்லுக்குள் பல வாசனைப் பொருள்கள் அடங்கியிருக்கலாம். வாசனை ஒவ்வாதவர்கள் "அன்சென்டட்" என்ற சொல்லோடு நிற்காமல், பட்டியலிலேயே பர்ஃப்யூம், லினலூல், லிமோனீன் போன்றவை இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். மூல வாசனையை மறைக்க வேறு வாசனை சேர்த்த பொருளும் அன்சென்டட் என்று வரக்கூடும்.

சீயக்காயும் பயத்தமாவும்

ஊரிலிருந்து அரைத்துக் கொண்டுவரும் சீயக்காய்ப் பொடி தீர்ந்துவிட்டால், இங்கே கிரந்திகே அங்கடி எனப்படும் நாட்டுமருந்துக் கடைகளில் சீகேகாயி என்றும், பூந்திக்கொட்டைக்கு அண்டுவாளகாயி என்றும் கேட்டு வாங்கலாம். இவற்றில் உள்ள சப்போனின்களே அழுக்கை நீக்குகின்றன. சீயக்காய்க் கரைசல் சோப்பைப்போல் காரத்தன்மை (உயர்ந்த பி.எச்.) கொண்டதன்று. கடின நீரில் சோப்பைப்போல் திரிவதுமில்லை. ஆனால் பொடி கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கொரகொரப்பான பொடியைத் தேய்த்தால் முடியின் மேற்புறம் உராய்ந்து சேதமாகும். ஆகவே பொடியை வெந்நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்துங்கள். பயத்தமாவும் கடலைமாவும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பவை; வறண்ட முகத்துக்குப் பாலோடோ தயிரோடோ குழைத்துப் போட்டு, தேய்க்காமல் கழுவ வேண்டும். பருக்களோ வெடிப்போ உள்ள தோலில் மாவு தேய்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மென்மையான ஷாம்பு எண்ணெயை எடுக்கத் திணறும். உடனே மூன்று முறை போட்டுத் தேய்ப்பார்கள். அது தலைத்தோலுக்கு நல்லதல்ல. எண்ணெயின் அளவைக் குறையுங்கள், அல்லது அந்த நாளுக்கு மட்டும் லாரெத் சல்ஃபேட்டும் பீட்டெய்னும் சேர்ந்த ஷாம்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பின்

ஒரே வாரத்தில் சோப்பு, ஃபேஸ்வாஷ், ஷாம்பு எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி இரண்டு மூன்று வாரம் பாருங்கள். புதிய பொருளை முதலில் முன்கையின் உட்புறத்தில், வழக்கம்போல் நுரைத்துக் கழுவிவிட்டு, ஒரு வாரம் நாள்தோறும் சோதியுங்கள். கழுவிவிட வேண்டிய பொருளைத் தடவிக் கட்டுப்போட்டு வைத்தால், ஆரோக்கியமான தோலும் எரியும். அந்தச் சோதனை பயன்படாது.

முகத்துக்குக் காலையில் வெறும் நீரும் இரவில் மென்மையான ஃபேஸ்வாஷும் வறண்ட தோலுக்குப் போதும். உடம்பில் அக்குள், இடுப்புக்கீழ்ப் பகுதி, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் நாள்தோறும் அழுக்கு நீக்கி போதுமானது; கைகால்களுக்குத் தினமும் தேவையில்லை. ஷாம்பைத் தலைத்தோலில் மட்டும் போடுங்கள். வழிந்து வரும் நுரையே நுனிமுடிக்குப் போதும். கடைசி அலசலுக்கு இரண்டு சொம்பு ஆர்.ஓ. நீர் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். குழாய் நீரைவிட அதில் உப்பு கூடுதல். வீடு துடைக்க மட்டுமே அது உதவும். உடம்பைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுங்கள்.

முடி நடுவில் உடைவதும் வேரோடு உதிர்வதும் வேறு வேறு. கடின நீரின் படிவால் முடி சொரசொரத்து உடையலாம். வேரோடு கொத்தாக உதிர்ந்தால் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சல், மகப்பேறு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அதை எந்த ஷாம்பும் நிறுத்தாது. வெடிப்பு, நீர்க்கசிவு, இமை வீக்கம், சில வாரங்களுக்குமேல் நீடிக்கும் அரிப்பு ஆகியவை இருந்தால் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பொருளின் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்; ஒவ்வாமைப் பரிசோதனை தேவைப்பட்டால் எந்தப் பொருள்களைச் சோதிப்பது என்று மருத்துவர் அந்தப் பட்டியல்களைப் பார்த்து முடிவு செய்வார்.